அழுக்கைக் கேட்டு வந்த பெட்டி

இந்த நாட்டில் தபாலில் என்னென்னவோ வருகிறது. செருப்பு வருகிறது, செடி வருகிறது, ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரருக்கு உயிருள்ள மண்புழுக்கள் வந்தன. ஆனால் பள்ளி விடுமுறைக்குச் சற்று முன்னால் என் மகள் கோமதியின் பெயருக்கு வந்த பெட்டியைத் திறந்ததும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதைச் சாமி படங்களுக்கு எதிரே இருந்த மேசையில் வைத்திருந்தேன். உள்ளே கக்கூஸின் மேல் தொட்டில்போல் விரிக்கிற காகிதம் ஒன்று. மூடியோடு சின்னக் கரண்டி பொருத்திய பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டு. தூசி உறிஞ்சும் எந்திரத்தின் வாயில் மாட்டுவதற்குக் காலுறை மாதிரி ஒரு வெள்ளைத் துணி. பிள்ளையின் மலத்தில் சுண்டைக்காய் அளவும், அவள் படுக்கிற இடத்துத் தூசியும் வேண்டுமாம். ஒரு குழாய் கெட்டுப்போனால் இருக்கட்டும் என்றுதான் இன்னொன்று.

எங்கள் இலத்தூரில் காலடி மண்ணையும் தலைமுடியையும் நகத்தையும் ஒருவன் கேட்டு வந்தால், அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. முடி வெட்டினால் அந்த முடியை எரிக்கிறவர்கள், நகம் வெட்டினால் மிதிபடாத இடத்தில் போடுகிறவர்கள் நாங்கள். உடம்பிலிருந்து கழிந்தது அந்நியன் கைக்குப் போனால் உடம்பே போன மாதிரி. இங்கே அதே பொருளை முத்திரை ஒட்டிய பெட்டி அனுப்பிக் கேட்கிறார்கள். கடைசி வரியில் நன்றியும் சொல்லியிருக்கிறார்கள். நன்றி சொன்னதுதான் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

என் மனைவி செல்வி அச்சன்புதூர்க்காரி. ஜெர்மனியின் இந்தச் சிற்றூரில் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வந்தவன் நான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் கோமதி எழுந்து வந்துவிட்டாள்.

“நாளெல்லாம் நான் பெரியவங்களுக்குப் பீ அள்ளுதேன். எனக்கு எவன் செய்வினை வச்சான்? ஒங்க புத்தியத்தான் எவனோ கட்டிப் போட்டிருக்கான்” என்றாள்.

அவள் படித்தவள், சிரிக்கலாம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கிற ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கொதிக்கிற நீரும் மருந்தும் ஊற்றி, விரிப்பில் ஒரு கிருமி மிச்சமிருக்கக் கூடாது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, உன் பிள்ளைக்குக் கிருமி போதவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னால் எப்படி நம்புவது?

சொன்னார். கோமதிக்கு மூச்சிரைப்பு இருக்கிறது. ஊரில் இளைப்பு என்போம், இப்போது எல்லாரும் வீசிங் என்கிறார்கள். குளிர்காலம் தொடங்கினால் அவள் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வரும். அந்தப் பள்ளத்தைப் பார்த்துப் பழகிய கண் வேறு எதைப் பார்த்தாலும் அதையே தேடும். பிள்ளைகளின் நுரையீரலைப் பார்க்கிற அந்த டாக்டர் பேசுவதில் எனக்குப் பாதி புரியும், மீதியைக் கோமதியே மொழிபெயர்ப்பாள். தன் நோயைத் தானே அப்பனுக்குச் சொல்கிற ஆறு வயதுப் பிள்ளை! “அப்பா, நம்ம வயித்துக்குள்ள, மூக்குக்குள்ள, தோல்ல எல்லாம் குட்டிக் குட்டி உயிர் நெறைய குடியிருக்காம். அது பலவிதமா இருந்தாத்தான் ஒடம்பு நல்லா படிச்சுக்குமாம். எதப் பாத்து சண்ட போடணும், எதப் பாத்து சும்மா இருக்கணும்னு. எனக்கு அந்தப் பாடம் சரியா நடக்கலையாம். மாட்டுக்கொட்டாய் இருக்குற வீட்டுப் பிள்ளைங்களுக்கு வீசிங் கொறச்சலாம்.”

நான் டாக்டரிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். “வியர் ப்ராவ்கன் ஐன கூ?” எங்களுக்கு ஒரு மாடு வேண்டுமா என்று. அவர் விழுந்து விழுந்து சிரித்து, “நைன், நைன்”, வேண்டாம் வேண்டாம் என்று என் தோளைத் தட்டினார். நான் வேடிக்கைக்குக் கேட்டதாக நினைத்துக்கொண்டார். வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் கடன் வாங்கியாவது ஒரு மாட்டைக் கட்டியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியாது. பிறகு செல்வி கேட்டு வந்து விளக்கினாள். பிறந்த புதிதில் உடம்பு கற்றுக்கொள்கிற காலம் ஒன்று இருக்கிறதாம். அது போனபின் சாணியில் புரட்டி எடுத்தாலும் வராதாம். அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லையாம். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். அந்த ஆராய்ச்சிக்குத்தான் பெட்டி. நாங்கள் விடுமுறைக்கு மாடு இருக்கிற வீட்டுக்குப் போவதால், அங்கே தங்கி முடிக்கிற நேரத்தில் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள்.

கோமதி வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. பிறந்ததுமே காய்ச்சல், நரம்பில் மருந்து. முதல் வயதுக்குள் மறுபடியும் மறுபடியும் மருந்து. அப்போது அந்த மருந்துதான் அவளைக் காப்பாற்றியது, நான் மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் பேசியதிலிருந்து ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். கத்தியையா, மருந்தையா, ஆறு மாதம் சாத்தியே கிடக்கிற ஜன்னலையா, வேலை முடிந்து மருந்து வாடையோடு வந்து அவளைத் தூக்கிய என் கைகளையா? சாமி முன்னால் நின்று கேட்டேன். சாமி எந்த டாக்டரையும்விட அமைதியாக இருந்தார்.

செல்விக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் கோமதியும் மட்டும் போனோம். சாரல் காலம். செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று தண்ணீரைத் தூவிக்கொண்டே இருந்தது. இலத்தூரில் என் அண்ணன் ஆறுமுகம் நெல் விவசாயம் பார்க்கிறான். இரண்டு பசுக்கள் நிற்கின்றன, பால் சங்கத்துக்கு ஊற்றுகிறார்கள். அவன் மனைவி, எங்கள் மதினி பேச்சியம்மாள், வாசலிலேயே கோமதியைத் தூக்கிக்கொண்டாள். அவர்களுக்கு நெடுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகன் இசக்கி. கோமதியைவிடச் சில மாதங்கள் மூத்தவன். தென்காசி ஆஸ்பத்திரியில் சுகப் பிரசவம். தவழ்ந்ததே மாட்டுக்கொட்டாயில்தான். சாணியை எடுத்து வாயில் வைத்தான் என்று மதினி போனில் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அவனுக்குச் சளி பிடிக்கும், விட்டுவிடும். இளைப்பு என்றால் என்னவென்று தெரியாது.

ஊருக்கு வந்தால் சரியாகிவிடும் என்று வெளிநாட்டில் இருக்கிற நாம் எல்லாரும் நினைக்கிறோம். கோமதி அந்த முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தாள். காலையும் மாலையும் இன்ஹேலரில் போட வேண்டிய பஃபை நான் ஒருவேளையும் விடவில்லை. செல்வி போன் செய்தால் முதல் கேள்வி அதுதான். அதனால் அவள் நன்றாக இருப்பது மருந்தாலா, மண்ணாலா, சாமியாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தென்காசியில் மருந்துக்கடைக்குப் போனபோது அங்கே அடுக்கடுக்காக இன்ஹேலர் இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டேன்.

“என்ன அண்ணாச்சி, நம்ம ஊர்லயும் இம்புட்டு பேருக்கு வீசிங்கா?”

“நல்லா கேட்டிய. நீங்க அங்கன போயி என்ன, நோயி இங்கன வராம இருக்குமா? மாடு எவன்ட்ட இருக்கு இப்பம்? சளி புடிச்சா ஓடியாந்து ஆன்டிபயாட்டிக் குடுன்னு நிக்கான். பாதியில நிறுத்துதான். அடுத்த வாரம் திரும்ப வாரான். எனக்கு யாவாரம், நான் என்னத்தச் சொல்ல?” என்றார் கடைக்காரர். எந்த ஊரைக் குற்றம் சொல்வது என்பதும் அன்றோடு எனக்குக் குழம்பிப் போனது.

ஐந்தருவிக்குப் போனோம். அண்ணன் வரவில்லை, மதினியும் பிள்ளைகளும் நானும். கோமதியை அருவிக்கு அடியில் விடலாமா கூடாதா என்று எனக்குள் ஒரே அடிதடி. மூலிகைத் தண்ணி, மார்ச்சளிக்கு நல்லது என்று பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தாமாகச் சொன்னார். குளிர்ந்த காற்று ஆகாது என்று ஜெர்மன் டாக்டர் சொல்லியிருந்தார். கடைசியில் ஓரத்தில் நிற்கவைத்துச் சாரலை மட்டும் வாங்கச் செய்தேன். இசக்கி தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தான். கடைகள் இருக்கிற மேட்டுக்கும் அருவிக்குமாக ஓடினான். ஒரு கணமும் அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. ஈர உடம்பில் அவன் மார்பு ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். விலா எலும்பு நடுவே பள்ளமே விழவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தேனோ, மதினி வந்து அவன்மேல் துண்டைப் போட்டு மூடினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பஜ்ஜி வாங்கித் தின்றோம். வரும் வழியெல்லாம் பேசினோம், ஆனால் அந்தத் துண்டு எங்களுக்கு நடுவில் கிடந்தது.

அன்றுதான் அந்த இரண்டாவது குழாயைப் பற்றிய யோசனை வந்தது. யாரும் கேட்காதது. என் மூளையில் உதித்தது. ஒரே இரத்தம், கிட்டத்தட்ட ஒரே வயது. ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கிறாள், ஒருத்தன் குதிக்கிறான். இருவரின் வயிற்றிலும் இருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடாதா? படித்தவர்களுக்கு இது தோன்றாமல் எனக்குத் தோன்றியதே என்று கொஞ்சம் பெருமையும் வந்தது.

மறுநாள் காலை கோமதி படுத்த கோரைப்பாயை அந்த வெள்ளைத் துணிக்குள் உதறிக்கொண்டிருந்தேன். தூசி உறிஞ்சும் எந்திரம் அந்த வீட்டில் ஏது? மதினி காபியோடு வந்தவள் நின்றுவிட்டாள்.

“என்ன கொழுந்தனாரே, எங்க வீட்டுத் தூசிய மூட்ட கட்டுதிய?”

நான் பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கோமதியின் குழாயைப் பற்றிச் சொல்லும்வரை மூக்கைச் சுளித்துக்கொண்டு சிரித்தாள். இசக்கியின் குழாயைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. உள்ளே பார்த்து, “ஏங்க, இங்க வாங்க. ஒங்க தம்பி கேக்கதக் கேளுங்க” என்றாள். அண்ணன் பால் தூக்குவாளியோடு வந்து நின்றான்.

“ஏல, அங்கன அவனுவளுக்கு வேற சோலி இல்லியா? இதுக்கா ஏரோப்ளேன்ல வந்த?” என்றான்.

மதினி சிரிக்கவில்லை. “கொழுந்தனாரே, ஒண்ணு கேக்கேன். சாமி இருக்க வீடு, உள்ளதச் சொல்லுங்க. எம்புள்ள தெம்ப எடுத்து ஒங்க புள்ளைக்கு ஏத்தப் போறாகளா?”

“அப்படியெல்லாம் இல்ல மதினி. சும்மா பாக்கத்தான்.”

“சும்மா பாக்கவனா மலத்தக் கேப்பான்? சரி, ஏத்த முடியாதுங்கிய. முடியும்னா? முடியும்னு வச்சுக்கிடுங்க. ஏத்துவியளா மாட்டியளா?”

“ஏட்டி, சும்மா கெட” என்றான் அண்ணன். ஆனால் அவனும் என் முகத்தைத்தான் பார்த்தான்.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. முடியும் என்றால் ஏற்றுவேன். இசக்கிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஏற்றுவேன். என் நெஞ்சில் இருந்ததை எனக்கு முன்னால் மதினி படித்துவிட்டாள். செய்வினைக்காரனைப்போல அவள் வாசலில் நின்று அவள் பிள்ளையின் கழிவைக் கேட்டது நான்தான்.

அதன்பிறகு வீடு மாறிப்போனது. சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, அது அவள் குணம். ஆனால் விடியுமுன்பே வீட்டைப் பெருக்கித் தூசியைத் தொலைவில் கொண்டுபோய்க் கொட்டினாள். இசக்கியைத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பலாமா என்று அண்ணனிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. பிள்ளைகள் இருவரும் ஒரே தட்டில் தின்பார்கள், அதற்கும் தனித்தனித் தட்டு வந்தது. நானும் சும்மா இல்லை. கோமதியின் பாலை மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்தேன். சொந்த அண்ணன் வீட்டில் பாலை மோந்து பார்க்கிற அளவுக்கு ஒரு மனிதன் வந்துவிட்டால் அவனுக்கு ஊர் ஏது, நாடு ஏது?

இரண்டு மூன்று நாள் இப்படி ஓடிய பிறகு, செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். மதினிக்கும் இது தாங்கவில்லைபோல. “ரெண்டு புள்ளைக்கும் சேத்துச் சுத்திப் போடுதேன். எந்தக் கண்ணா இருந்தாலும் போவட்டும்” என்றாள். எந்தக் கண் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் கோமதியையும் சேர்த்து உட்கார வைத்தாளே, அதில் என் மனம் இளகிவிட்டது. பிள்ளைகளின் காலடி மண்ணை நானே அள்ளிக் கொடுத்தேன். கல் உப்பு, கடுகு, வற்றல் மிளகாய் சேர்த்து, இடமும் வலமும் சுற்றி, பிள்ளைகளை மூன்று முறை துப்பச் சொல்லி, வெந்நீர் அடுப்பில் போட்டாள்.

இது எங்கள் பக்கத்து வழக்கம், வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். கண் பட்டிருந்தால் மிளகாய் எரியும்போது நெடியே வராது. நெடி வந்து தும்மலும் இருமலும் எடுத்தால் கண் இல்லை என்று பொருள். அன்றைக்கு அப்படி ஒரு நெடி. அண்ணன் தும்மினான், நான் இருமினேன், மதினிக்குக் கண்ணிலிருந்து தண்ணீர்.

“பாத்தியளா! நெடி எப்படி வருதுன்னு! கண்ணே இல்ல. ஒரு கண்ணும் இல்ல கொழுந்தனாரே” என்று சிரித்தாள். இசக்கியின் குழாயைப் பற்றிச் சொன்ன நாளுக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு. இசக்கி இருமினான், கோமதி இருமினாள். “இருமு தாயி, நல்லா இருமு. எல்லாம் போவட்டும்” என்றாள் மதினி. நானும் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாரல் காற்று திரும்பி அந்தப் புகையை அப்படியே வீட்டுக்குள் தள்ளியது. இசக்கியின் இருமல் நின்றது. கோமதியுடையது நிற்கவில்லை. நல்ல சகுனம் என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்த அந்த நேரம் முழுக்க என் பிள்ளை மூச்சை இழந்துகொண்டிருந்தாள்.

அவள் கழுத்துக் குழி உள்ளே இழுத்ததைப் பார்த்தேன். அவளை வாசலுக்குத் தூக்கி ஓடி, அவசரத்துக்கு வைத்திருக்கிற நீல இன்ஹேலரை, மருந்தை இழுக்கிற பிளாஸ்டிக் குடுவையில் மாட்டி மூக்கோடு வாயோடு வைத்து அழுத்தினேன். விட்டு, மறுபடி அழுத்தினேன். உதடு நிறம் மாறியிருந்தது. “அப்பா” என்று முழுதாகச் சொல்ல முடியாமல் “ப்பா” என்றாள். அண்ணன் ஓடி ஆட்டோ பிடித்து வந்தான். மதினி என் கையிலிருந்து பிள்ளையை வாங்கவில்லை, பிடுங்கிக்கொண்டாள். தென்காசி போகும் வழி முழுக்கத் தன் நெஞ்சோடு நிமிர்த்தி வைத்து, “இழு தாயி, இழு தாயி” என்று தானும் சேர்ந்து மூச்சிழுத்தாள். நான் குடுவையை அழுத்திக்கொண்டே, வாய்க்கு வந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். இலஞ்சி தாண்டும்போது, என் பிள்ளையைக் கொடு, என் கண்ணை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று வேண்டினேன்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். டூட்டி டாக்டர் சின்னப் பெண். “மிளகாய்ப் புகையா? வீசிங் புள்ளைக்கா? சாம்பிராணி, கொசுவத்தி, ஊதுபத்தி எதுவும் ஆகாது சார். படிச்சவங்க மாதிரி இருக்கீங்க” என்றார். நான் படித்தவன் இல்லை என்று சொல்லத் தோன்றியது. சொல்லி என்ன ஆகப்போகிறது! நடைக்கூடத்தில் மதினி சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“எங்கையாலேயே கொன்னுருப்பேனே கொழுந்தனாரே. இருமு இருமுன்னு சொன்னேனே. இப்படித்தானா இவ தெனமும் கெடக்கா?”

“தெனமும் இல்ல மதினி. குளிர் வந்தா.”

“அந்தப் பள்ளத்தப் பாத்தேன். விலாவுல. அம்மாடி!” என்றாள். பிறகு, “அன்னைக்கு அருவியில எம்புள்ள விலாவத்தான் பாத்தியளா?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

கோமதி தேறி வீடு வந்தபின், நாங்கள் புறப்படுகிறதற்கு முந்தின நாள் காலை, மதினி குளித்துவிட்டு ஈரத் தலையோடு மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் என்னைக் கூப்பிட்டாள். சாமி இருக்கிற வீட்டுக்குள் அந்தக் குழாய்களை வைக்கக் கூடாது என்று கோமதியுடையதையும் கொட்டாய்க் கூரையில்தான் ஒரு பையில் தொங்கவிட்டிருந்தோம். அவள் கையில் இரண்டாவது குழாய் இருந்தது. வாழை இலைச் சருகில் சுற்றியிருந்தாள். மூடியின்மேல் திருநீறு பூசியிருந்தாள்.

“சாஸ்தா காவலுக்குப் பூசியிருக்கேன். வேற எவனும் வேற எதுக்கும் எடுத்துற மாட்டான். கொண்டுபோயி அவளுக்கு ஏத்தச் சொல்லுங்க.”

“மதினி, ஏத்த மாட்டாங்க. பாக்கத்தான்...”

“நீங்க போங்க. ஒங்களுக்கு அவுக எல்லாத்தையும் சொல்லிட்டா செய்வாக? எம்புள்ளைட்ட கெடக்கு நெறைய. கொஞ்சம் கொறஞ்சாத்தான் என்ன, கொட்டாயில உருண்டு தேத்திக்கிடுவான் பய” என்றாள். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, “விமானத்துல பரிசோதன பண்ணி என்னது இதுன்னு கேட்டா, எங்க மதினி குடுத்த அல்வான்னு சொல்லுல” என்றான். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எனக்கு அழுகை வந்தது, மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

யாரும் கேட்கவில்லை. பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். தபாலில் போட மனமில்லை. அங்கே இருந்த அம்மாள் கோமதியின் குழாயையும் தூசியையும் வாங்கி ஒட்டுத்தாள் ஒட்டினார். இசக்கியின் குழாயைத் தூக்கி, இது யார் என்றார். என் அண்ணன் மகன், ஆரோக்கியமான பிள்ளை என்றேன். மூடியில் இருக்கிற சாம்பல் நிறப் பொடி என்ன என்றார். பசுஞ்சாணத்தை எரித்த புனிதச் சாம்பல் என்று கஷ்டப்பட்டுச் சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. ஆரோக்கியத்துக்கு உண்ணும் மருந்தா என்று ஆர்வமாகக் கேட்டார். இல்லை, காவல் என்றேன். பாதுகாப்புக் கவசமா, தொற்றுக்கு எதிராகவா என்றார். திருடருக்கு எதிராக என்றேன். அதற்குமேல் இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயலவில்லை.

பிறகு மரியாதையாகச் சொல்லிவிட்டார், வாங்க முடியாதாம். அந்தப் பிள்ளை அவர்கள் ஆராய்ச்சியில் இல்லை. பெற்றவர்களின் ஒப்புதல் இல்லை. ஒரு பிள்ளையின் உடம்பில் இருப்பதைப் பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் பார்ப்பது தப்பு என்றார். பெற்றவள் தன் கையால் கொடுத்தது, கொட்டாயில் நின்று கொடுத்தது, அதைவிட என்ன சம்மதம் என்று கேட்க எனக்கு மொழி இல்லை. முறைப்படி அழித்துவிடுவோம் என்றார். எப்படி அழிப்பீர்கள் என்று கேட்டேன். மிகுந்த வெப்பத்தில் என்றார். அந்த வேலை எனக்குத் தெரியும். நான் தினமும் செய்வதுதான்.

கோமதியின் முடிவு என்ன என்று கேட்டால், தனித்தனியாகச் சொல்வதில்லையாம். எல்லாப் பிள்ளைகளுடையதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். ஆண்டுகள் ஆகுமாம். உண்மையாகவே இருக்கலாம். சொல்லாமல் மறைக்கிறார்களோ என்றும் ஒரு மூலையில் தோன்றத்தான் செய்கிறது. அவர்களைக் குற்றம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் இருபுறமும் சந்தேகப்பட்டே பழகிவிட்டது இந்த மனம். டாக்டர் ஒன்றே ஒன்றைத் திட்டமாகச் சொன்னார். பஃபை நிறுத்தாதே, புகையை நெருங்கவிடாதே. அதை மட்டும் நம்புகிறேன். மதினி அந்த வீட்டில் வெந்நீர் அடுப்பையே கொல்லைக் கடைசிக்கு மாற்றிவிட்டாளாம், அடுத்த முறை கோமதி வருவாள் என்று.

இப்போது இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கோமதிக்குப் பஃப் போடுகிற நேரம் பார்த்து மதினி வீடியோவில் வந்துவிடுகிறாள். முதல் ஞாயிறே கேட்டாள்.

“கொழுந்தனாரே, இசக்கியோடத இவளுக்கு ஏத்தியாச்சா?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “இல்ல மதினி. அது ஆகாதுன்னுட்டாங்க. வாங்கவே இல்ல.”

அவள் முகம் போனுக்கு இன்னும் நெருங்கி வந்தது. “வேண்டாம்னுட்டாகளா? எம்புள்ளையோடதயா?” என்றாள். அவள் குரலில் அவமானம் இருந்தது. கொடுக்க மாட்டேன் என்று நின்றவள், வாங்காமல் விட்டதற்கு வருந்தினாள். பிறகு, “போறானுவ சவத்துப் பயலுவ. ஏலே இசக்கி, இங்கன வா. போன்கிட்ட வா. ஒந் தங்கச்சி மருந்து இழுக்கப் போறா. நீ நல்லா நெஞ்சு நெறய இழுத்து அவளுக்கு ஊதுலே” என்றாள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் இதுதான். இலத்தூரில் இசக்கி மார்பை விரித்து மூச்சை இழுத்துப் போனின்மேல் ஊதுகிறான். திரை அவன் வாயால் நிறைந்து மங்குகிறது. இங்கே கோமதி குடுவையை முகத்தில் வைத்து, அவன் ஊதுகிற நேரம் பார்த்து உள்ளே இழுக்கிறாள். நான் குடுவையைப் பிடித்தபடி நடுவில் நிற்கிறேன். அவன் மார்பு ஏறுவதைப் பார்க்காமலிருக்க முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன், காதை மட்டும் இவள் பக்கம் வைத்துக்கொண்டு.